வாங்

தீயணைப்புச் சங்கத்தின் குலுக்கலில்
ஒரே சீட்டை ஆளுக்குப் பாதியாக வாங்கியவர்கள்
ரேவ்ஃபியுலோப் தபால் நிலையத்தில்
கடிதம் பிரிக்கும் போக்லார்காவும்
முத்திரை குத்தும் திஹமேரும்.
இருவர் கண்ணும் புகையூட்டிய பன்றித்தொடை மேல்.
அது மூன்றாம் பரிசாம்.
இவர்களுக்கு விழுந்தது படகு.
பதினான்கு அடி, மஞ்சள் உடம்பு,
விலாவில் வயலெலி என்று பெயர்.

பாய் இருந்தது. மரம் இருந்தது.
பாயின் அடியைத் தாங்கும் பூம் இருந்தது.
பூமைக் கீழே பிடித்துவைக்கத்தான் ஒன்றுமில்லை,
மரத்தடியில் துருவேறிய வெறும் வளையம்.
அது எதற்கென்று தெரியாமலே
பலட்டோன் ஏரிக்குக் காற்று வாங்கப் போனார்கள்.

பின்காற்று பிடித்ததும்
பூம் வானத்தைப் பார்த்துக் கையைத் தூக்கியது,
வகுப்பில் விடை தெரியாத பிள்ளை தூக்குவதுபோல.
பாயின் அடி ஒரு பக்கம் போக
தலை முறுக்கிக்கொண்டு இன்னொரு பக்கம் போனது.
படகு தொட்டிலானது.
திஹமேர் எழுந்து
தொண்ணூற்றிரண்டு கிலோவையும்
பூமின் மேல் குப்புறப் போட்டார்.
அடங்கியது.
அப்படியே கரை வந்தார்கள்,
சட்டை காயப்போட்ட கொடிபோல அவர்.
விலாவில் கன்றிய தழும்பு ஒரு வாரம் இருந்தது,
பார்சல் தூக்கும்போதெல்லாம் முனகினார்.

அந்தத் தழும்பின் வேலையைச் செய்யும் பொருளுக்கு
வாங் என்று பெயர்.
தமிழில் எழுதினால்
குற்றியலுகரம் உதிர்ந்த ஓர் ஏவல்.
எதை வாங்க என்பதில்தான் சண்டை.

அவருக்கு உருக்குக் குழாய்,
உள்ளே சுருள்வில்.
இழுத்தால் இழுக்கும், விட்டால் தூக்கிப் பிடிக்கும்.
விலை ஒரு குளிர்காலத்து விறகு.
அவளுக்கு நான்கு கப்பி, ஏழு மீட்டர் கயிறு,
நடுப்பலகைப் பெட்டியின் மேல் ஒரு பல் கவ்வி.
“எலிக்கு எதற்கு உருக்கு முதுகெலும்பு?”
அஞ்சல்தலைத் தாளின் பின்னால் கணக்குப் போட்டாள்:
ஒரு பங்கு இழுத்தால் நான்கு பங்கு இறங்கும்,
உராய்வு தின்றது போக மூன்றேகால்.
அந்த ‘ஏகால்’ அவரை வீழ்த்தியது.

பழகினார்கள்.
மெல்லிய காற்றில் தளர்த்து,
பாயின் கடைசி ஓரத்தில் தைத்த நாடா
படபடத்துப் பின்னால் ஓடும்வரை.
காற்று ஏறினால் இறுக்கு,
பூம் கொஞ்சம் வளையட்டும்.
அவருக்கு இறுக்குவது பிடித்துப்போனது.
குடைக்காம்பு, செருப்பு வார், ஜாடி மூடி,
எதையும் இன்னும் அரைச் சுற்று திருகுகிற கை அது.

ஆகஸ்டில் ஒரு மாலை
கரையில் ஆரஞ்சு விளக்கு சிமிட்டத் தொடங்கியது,
நிமிடத்துக்கு நாற்பத்தைந்து.
திரும்பிவிடலாம் என்று சொல்லி வாய் மூடுமுன்
தொண்ணூறு.
ஏரி பச்சையிலிருந்து சிமெண்ட் நிறமானது.
பின்னால் வந்த காற்று விலாவில் இடித்தது.
வயலெலி சாய்ந்து
பூமின் நுனி தண்ணீரைக் கீறியது,
உழுதது,
புதைந்தது.
பாய்க்கயிற்றை விட்டும் பயனில்லை.
பூம் போவதற்கு இடம் தண்ணீர்தான்.
சுக்கான் வெறுங்காற்றில் ஆடியது.
திஹமேர் செய்தது
வாங்கை இன்னும் இழுத்தது.

போக்லார்காவின் இரண்டு கையும் விளிம்பில்.
மீதமிருந்தது இடது கால்.
கயிற்றுக்கடியில் கட்டைவிரலை நுழைத்து
மேல்நோக்கி ஓர் உதை.

கவ்வி வாய் திறந்தது.
ஏழு மீட்டரும் சீறிப் பின்வாங்க
பூம் எழுந்தது.
பாயின் தலை காற்றையெல்லாம் கொட்டிவிட,
சந்தையில் தடுக்கி விழுந்து எழுந்தவள்போல
ஒன்றும் நடக்காத முகத்தோடு
படகு நிமிர்ந்தது.

கரையில் பொரித்த மீன் வாங்கித் தின்றார்கள்.
கட்டைவிரலில் நகம் பாதி இல்லை.
“இந்த உதை எந்தப் பட்டியலிலும் இல்லை” என்றாள்.
அவர் ஊறுகாய் வெள்ளரிக்காயையே பார்த்துக்கொண்டிருந்தார்.
கயிற்றின் நுனியில்
நழுவாமலிருக்கத் தான் போட நினைத்திருந்த முடிச்சைப் பற்றி
இன்றுவரை அவளிடம் சொல்லவில்லை.

திங்கட்கிழமை முத்திரை மேசையில்
விலைப்பட்டியல் திறந்தே கிடந்தது,
உருக்குக் குழாய்ப் பக்கத்தின் மூலை
முன்பு மடித்தபடியே.